திறக்க மறுக்கும் வாய்

பல்வலி என்று சொல்லிக்கொண்டு தந்த வைத்தியரிடம் செல்வோரில் ஒரு விசித்திரமான வகுப்பினர் உண்டு. அவர்கள் சுட்டிக்காட்டும் பல்லைத் தட்டிப் பார்த்தும், அதன்மேல் குளிர்ந்த நீரைத் தெளித்தும், எக்ஸ்ரே படம் எடுத்தும் வைத்தியர் எவ்விதப் பழுதையும் காண்பதில்லை. ஆயினும் வலி மெய்யானதாகவே இருக்கிறது, இரவு உறக்கத்தைக் கெடுக்கிறது, ரோகியின் பிடிவாதத்துக்கு இணங்கி அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டாலோ அடுத்த பல்லுக்குக் குடிபெயர்ந்து விடுகிறது. வேறு சிலருக்கு வலியைக் காட்டிலும் பெரிய குறை, வாய் திறவாமை. முதல் நாள் இரவு வரை தாராளமாகத் திறந்த வாய், மறுநாள் காலையில் பல் துலக்கும் வேளையில், இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க மறுத்துவிடும். எலும்பு முறியவில்லை, கன்னம் வீங்கவில்லை, காய்ச்சலும் இல்லை. எனினும் ஒரு வாய்ச் சோற்றை உள்ளே தள்ளுவதே பெரும் பிரயாசையாகிவிடுகிறது.

வாசகர் தம் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் இடையே நுழைத்துப் பார்க்கலாம். அவை சிரமமின்றி நுழையுமானால் கவலைக்கு இடமில்லை. அளவுகோல் கொண்டு பார்த்தால், வயது வந்த ஒருவரின் வாய் பெரும்பாலும் 40 முதல் 55 மில்லிமீட்டர் வரை திறக்கும். 35 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் அதைக் குறைபாடு என்று வைத்தியர்கள் கொள்கிறார்கள்.

எலும்பிலும் பல்லிலும் பழுதில்லாதபோது திறக்க மறுப்பது எது என்பது முதற் கேள்வி. அதனினும் வியப்பைத் தருவது, அத்தகைய ஒருவரின் வாய்க்குள் கையுறை அணிந்த விரலை விட்டுக் கன்னத்தின் உட்புறத்தைச் சில நிமிடம் பக்குவமாக அழுத்தியபின், மருந்தோ கத்தியோ இன்றியே, வாய் கணிசமாகக் கூடுதலாகத் திறப்பது. இறுகிய தசையை விரல் இளக்கிவிட்டது என்று விடை சொல்வது எளிது. அந்த விடை எந்த அளவுக்குச் சரி, எந்த இடத்தில் நம்மை ஏமாற்றுகிறது என்பதையே இங்கே ஆராயப் புகுகிறோம்.

இரு மூட்டு, ஓர் எலும்பு

காதின் துவாரத்துக்குச் சற்று முன்னே விரல் நுனியை வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடினால், தோலுக்கடியில் சிறியதோர் எலும்புக் குமிழ் முன்னே நகர்ந்து பின்வாங்குவதை உணரலாம். அதுவே கீழ்த்தாடையின் தலை; மண்டையோட்டின் அடியிலுள்ள ஒரு குழியில் அது பொருந்தியிருக்கும் இடமே தாடை மூட்டு. இரண்டுக்கும் நடுவே, வளைந்து கொடுக்கும் நார்மயமான ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. அதை இடைத்தட்டு என்போம்.

இம்மூட்டின் செயலில் இரண்டு கட்டங்கள் உண்டு. வாய் திறக்கத் தொடங்கி முதல் 20 அல்லது 25 மில்லிமீட்டர் வரை, தாடையின் தலை தன் குழியிலேயே இருந்தபடி சுழலுகிறது. அதற்கு மேலும் திறக்க வேண்டுமானால் சுழற்சி மட்டும் போதாது. தலையும் இடைத்தட்டும் சேர்ந்து குழியைவிட்டு வெளிப்பட்டு, முன்னாலுள்ள எலும்பு மேட்டின்மீது வழுக்கி இறங்க வேண்டும். பேசுவதற்கும் சிறு கவளம் உண்பதற்கும் முதற் கட்டமே பெரும்பாலும் போதும். கொட்டாவிக்கும் கொய்யாப்பழத்தைக் கடிப்பதற்கும் இரண்டாவது கட்டம் அவசியம்.

முழங்கால்களில் ஒன்று மடங்கும்போது மற்றது நிமிர்ந்து நிற்கலாம்; தாடை மூட்டுகளுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. இடமும் வலமுமாக இருக்கும் இரு மூட்டுகளையும் கீழ்த்தாடை என்னும் ஒரே எலும்பு பிணைத்திருப்பதால், ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று பின்தங்கினால் வண்டி அந்தப் பக்கமாகத் திரும்பிவிடுவதுபோல, ஒரு மூட்டு முன்னே வழுக்க மறுத்தால் திறக்கும் வாயின் மோவாய் அந்தப் பக்கமாகவே கோணிப்போகிறது. அனுபவமுள்ள வைத்தியர் ரோகி வாய் திறக்கும்போது பல்லைப் பார்ப்பதற்கு முன் மோவாய் செல்லும் பாதையைப் பார்ப்பது இதனாலேதான்.

மூடுவதில் வீரர்கள்

தாடையை இயக்கும் தசைகளில் நான்கு நமக்கு முக்கியமானவை. கன்ன எலும்பில் தொடங்கித் தாடையின் கோணத்தில் முடியும் தடித்த தசை, மெல்தசை. பற்களைக் கடித்தால் கன்னத்தில் புடைத்தெழுவது அதுவே. நெற்றிப்பொட்டில் அகலமாக விரிந்து தொடங்கி, கன்ன எலும்பின் வளைவுக்கு உட்புறமாக இறங்கித் தாடையின் முன்கொம்பைப் பற்றுவது பொட்டுத் தசை. மண்டையோட்டின் அடியில் சிறகு போன்ற எலும்புத் தகட்டில் பிறப்பதால் சிறகுத் தசைகள் எனப்படும் இரண்டில், உட்சிறகுத் தசை தாடையின் உட்புறத்தில் மெல்தசைக்கு எதிரிணையாக நின்று அதனோடு சேர்ந்து தாடையைத் தூக்குகிறது. வெளிச்சிறகுத் தசை தாடையின் தலையை முன்னே இழுக்கிறது.

இந்நான்கில் முதல் மூன்றும் வாயை மூடுபவை. கடைவாய்ப் பற்களுக்கிடையே ஐம்பது, அறுபது கிலோகிராம் எடைக்கு ஈடான விசையை இவை எழுப்ப வல்லவை. திறக்கும் தொழிலோ வெளிச்சிறகுத் தசைக்கும், மோவாயின் கீழுள்ள சில மெல்லிய தசைகளுக்கும், ஓரளவு புவியீர்ப்புக்கும் விடப்பட்டிருக்கிறது. ஆகவே மூடும் தசைகள் மனம்வைத்தால் திறப்பது என்பது நடவாத காரியம்.

இவ்வளவு வலிமை படைத்த தசைகள் பெரும்பாலான நேரம் ஓய்வில் இருக்க வேண்டியவை. ஓய்வான தாடையில் உதடுகள் சேர்ந்திருக்கும், பற்கள் சேர்ந்திருக்கமாட்டா. அவற்றினிடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். உண்ணும்போதும் விழுங்கும்போதும் பற்கள் ஒன்றையொன்று தொடும் நேரம் முழுவதையும் கூட்டினாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய இருபது நிமிடந்தான் ஆகும் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். கவலையாலோ கவனத்தாலோ பல்லைக் கடித்தபடியே மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களும், உறக்கத்தில் நறநறவென்று பற்களை அரைப்பவர்களும் இந்த இருபது நிமிடக் கணக்கை எங்கே கொண்டு நிறுத்துகிறார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பற்களின்மேல் விழுந்த பழி

1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தைச் சேர்ந்த காது மூக்குத் தொண்டை நிபுணர் ஜேம்ஸ் காஸ்டன், காதடைப்பும் தலைவலியும் தாடை வலியும் ஒருங்கே கொண்ட பதினொரு ரோகிகளைப் பற்றி எழுதினார். கடைவாய்ப் பற்களை இழந்ததால் தாடை அளவுக்கு மேல் மூடிக்கொள்கிறது என்றும், அதனால் தாடையின் தலை பின்னோக்கி அழுந்திக் காதையும் நரம்புகளையும் நசுக்குகிறது என்றும் அவர் கருதினார். கருத்து தெளிவானது, படம் வரைந்து காட்டத்தக்கது, பல் கட்டுபவர்களுக்கு வேலை தருவது. ஆகவே வேகமாகப் பரவியது. 1940-களில் உடற்கூற்று அறிஞர் ஹாரி சிக்கர், அந்த நரம்புகள் அவ்வாறு நசுங்கக்கூடிய இடத்தில் இல்லவே இல்லை என்று எடுத்துக்காட்டினார். எனினும் பற்கள் பொருந்தாமையே நோய்க்குக் காரணம் என்னும் நம்பிக்கை அசையவில்லை. பற்களின் மேடு பள்ளங்களைத் தேய்த்துச் சமன்செய்யும் சிகிச்சை பல தலைமுறைகளுக்கு நீடித்தது.

நோயின் இருப்பிடம் மூட்டன்று, தசையே என்னும் எண்ணத்தை 1950-களில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ ஷ்வார்ட்ஸும், 1969-ல் சிகாகோவில் டேனியல் லாஸ்கினும் வலியுறுத்தினர். லாஸ்கினும் அவருடைய சகாக்களும் 1976-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. அவர்கள் ரோகிகளின் பற்களைத் தேய்ப்பதுபோல் பாவனை செய்தார்களே ஒழிய, பற்கள் பொருந்தும் விதத்தை உண்மையில் மாற்றவேயில்லை. இருந்தும் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் வலி முழுவதுமோ அநேகமாக முழுவதுமோ நீங்கிவிட்டதாகச் சொன்னார்கள். பற்களின் கட்சி அன்றே தோற்றது என்று சொல்லத் தோன்றும். ஆனால் இந்தப் பரிசோதனை இரு பக்கமும் கூர்மையுள்ளது: வெறும் பாவனையே இவ்வளவு பயன் தருமானால், விரலால் அழுத்தும் சிகிச்சையின் பெருமையையும் நாம் அதே சந்தேகக் கண்ணோடுதான் நிறுக்க வேண்டும்.

வலி பிறந்த ஊரும் குடியேறிய ஊரும்

தசையில் குறையிருக்கப் பல் ஏன் வலிக்க வேண்டும்? 1938-ல் லண்டனில் ஜான் கெல்க்ரென் என்னும் இளம் வைத்தியர், செறிவான உப்புக் கரைசலைச் சிறு துளியாகப் பலவேறு தசைகளுக்குள் ஊசியால் செலுத்தி, வலி எங்கே தோன்றுகிறது என்று குறித்துக்கொண்டார். மெல்தசையில் செலுத்தியபோது வலி ஏற்பட்ட இடம் மேல்தாடைப் பற்கள்! இவ்வாறு ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் உணரப்படுவதைப் பெயர்ந்த வலி என்போம்.

காரணம் நரம்புகளின் அமைப்பில் இருக்கிறது. முகத்தின் உணர்ச்சியில் பெரும்பகுதியை மூளைக்குக் கொண்டுசெல்வது முப்பிரிவு நரம்பு. பல்லிலிருந்து வரும் இழையும், மெல்தசையிலிருந்து வரும் இழையும், காதின் முன்புறத்திலிருந்து வரும் இழையும் மூளைத்தண்டில் பல இடங்களில் ஒரே நரம்பணுவை வந்தடைகின்றன. கழுத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் இழைகளும் அங்கேயே வந்து கலக்கின்றன. செய்தி வந்தது என்பதை மூளை அறிகிறது. எவரிடமிருந்து வந்தது என்பதில் தடுமாறுகிறது. வாழ்நாளில் பல்வலியையே அதிகம் கேட்டுப் பழகிய மூளை, சந்தேகம் வந்தால் பல்லின்மீதே குற்றம் சாட்டுகிறது போலும்.

இந்தப் பாதையில் வெகுதூரம் சென்றவர் ஜேனட் டிராவெல். 1961-ல் ஜனாதிபதி கென்னடியின் வெள்ளை மாளிகை வைத்தியராக நியமனம் பெற்றவர், அந்தப் பதவியை வகித்த முதல் பெண்மணி. தசையில் அழுத்தினால் கடுமையாக நோகும், வேறிடத்துக்கு வலியை அனுப்பும் சிறு இறுகிய இடங்களை அவர் நுணுக்கமாக வரைபடமிட்டார். அவற்றை வலிமுடிச்சு என்று அழைப்போம். பின்னர் டேவிட் சைமன்ஸோடு சேர்ந்து 1983-ல் அவர் வெளியிட்ட கையேடு, தசைகளைக் கையால் தொட்டுச் சிகிச்சை செய்வோருக்கு ஆதார நூலாயிற்று. ஆனால் வலிமுடிச்சு என்பது தசைக்குள் உண்மையிலேயே உள்ள ஒரு பொருளா, அன்றி நரம்புகளின் கூர்ந்த உணர்ச்சியால் அவ்வாறு தோன்றுவதா என்னும் வாதம் இன்னும் ஓயவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு தேடும் இரண்டு நிபுணர்கள் ஒரே இடத்தைச் சுட்டுவதும் அரிது. நோவு உண்டு என்பதில் ஐயமில்லை. 'முடிச்சு' என்னும் சொல்லை நாம் ஓர் உபசாரமாகவே கொள்வது நல்லது.

மறுப்பது ஏன்?

வலித்தால் தசை இறுகும், இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், குறைந்தால் மேலும் வலிக்கும் என்று ஒரு விஷச் சக்கரத்தைப் பழைய நூல்கள் வருணித்தன. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் மின்முனைகளை வைத்து அளந்தபோது, வலிக்கும் மெல்தசை எப்போதும் முறுக்கேறித் துடித்துக்கொண்டிருக்கவில்லை. கனடாவைச் சேர்ந்த ஜேம்ஸ் லண்டும் அவருடைய கூட்டாளிகளும் 1991-ல் வேறொரு சித்தாந்தத்தை முன்வைத்தார்கள். வலியுள்ள தசை கடிக்கும்போது தன் வழக்கமான பலத்தைக் காட்டுவதில்லை. அதே தசை, வாயைத் திறக்கும்போது, ஓய்ந்திருக்க வேண்டிய வேளையில், லேசாகப் பிடித்து நிறுத்துகிறது. விளைவு என்னவெனில், தாடையின் அசைவு மெதுவாகவும் சிறிதாகவும் ஆகிறது. புண்பட்ட பகுதியை மேலும் புண்படாமல் காப்பதற்காக நரம்பு மண்டலம் இட்டுவைத்த காவல் இது.

காவல் என்று கொண்டால் பல புதிர்கள் அவிழ்கின்றன. காயம் ஆறிய பின்னும் காவலை நீக்கும் உத்தரவு வராமற் போனால் வாய் திறவாது. பலாத்காரமாக வாயை நெம்பித் திறந்தால் காவல் இன்னும் பலப்படும். காவலை நீக்க வேண்டுமானால், திறப்பது ஆபத்தில்லை என்பதை அந்த நரம்புகளுக்கு அனுபவத்தின் வாயிலாகத் தெரிவிக்க வேண்டும். விரலின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

ஓர் ஆசிரியையின் தாடை

உதாரணமாக, முப்பத்தைந்து வயதுள்ள ஒரு பள்ளி ஆசிரியையைக் கற்பனை செய்துகொள்வோம். இத்தகைய ரோகிகளிடம் சாதாரணமாகக் காணப்படும் அடையாளங்களை ஒருங்கே திரட்டி அமைத்த சித்திரம் இது. கீழ்ப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றை நிரப்புவதற்காக அவர் நெடுநேரம் வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். அதைத் தொடர்ந்து பரீட்சைத் தாள் திருத்தும் பருவம் வந்தது, பல்லைக் கடித்தபடியே இரவு பகலாகத் திருத்தினார். இரண்டு மாதம் கழிந்தும் வாய் 27 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கவில்லை. வலது கன்னத்திலும் மேல்தாடைப் பற்களிலும் வலி.

சிகிச்சையாளர் முதலில் செய்வது மூன்று அளவுகள். வலி தோன்றாமல் திறக்கக்கூடிய அளவு 24. வலித்தாலும் பாதகமில்லை என்று திறந்தால் 27. மூன்றாவதாக, கட்டைவிரலை மேற்பற்களிலும் ஆள்காட்டி விரலைக் கீழ்ப்பற்களிலும் குறுக்காக வைத்து, மெதுவாக, நிதானமாக, தாமே திறக்க முயல்கிறார். வாய் சற்றுத் தயங்கி, பிறகு 34 வரை இணங்குகிறது. இந்த ஏழு மில்லிமீட்டர் இணக்கமே நோயின் விலாசத்தைச் சொல்லிவிடுகிறது. இடைத்தட்டு இடம் பெயர்ந்து தாடையின் தலைக்கு முன்னே குறுக்கிட்டிருந்தால், வாய் திறக்கும் எல்லை கெட்டியாக இருக்கும். எவ்வளவு பக்குவமாக நெகிழ்த்தினாலும் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் கிடைக்காது, மோவாயும் அந்தப் பக்கமாகக் கோணும். இங்கே எல்லை மெத்தென்று இருக்கிறது, மோவாயும் நேராகவே இறங்குகிறது. தடை தசையில்தான்.

அடுத்து ஸ்பரிச பரிசோதனை. 2014-ல் சர்வதேச நிபுணர்கள் வகுத்த நியமப்படி, மெல்தசையையும் பொட்டுத் தசையையும் ஒரு கிலோகிராம் எடைக்குச் சமமான அழுத்தத்தில் விரலால் அழுத்த வேண்டும். வலி வேறிடம் செல்கிறதா என்று அறிய அதே இடத்தில் ஐந்து விநாடி நிறுத்த வேண்டும். ஒரு கிலோ என்பது எவ்வளவு என்பதை விரலுக்குக் கற்பிக்கத் தராசுத் தட்டை அழுத்திப் பழகுவதுண்டு. அழுத்தினால் எவருக்கும் ஓரளவு வலிக்கும். ஆகையால் 'வலிக்கிறதா' என்று கேட்பதோடு நில்லாமல், 'நீங்கள் வழக்கமாக அனுபவிக்கும் வலி இதுதானா' என்று கேட்க வேண்டும். நம் ஆசிரியையின் வலது மெல்தசையின் நடுவே விரல் நின்ற மூன்றாவது விநாடியில், "இதேதான், பல்லுக்குப் போகிறது" என்கிறார்.

இனிச் சிகிச்சை. சூடான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் பத்து நிமிடம் ஒற்றியபின், வெளியிலிருந்து மெல்தசையை மேலிருந்து கீழாக, அதன் நார்கள் ஓடும் திசையிலேயே, வருடி இறக்குகிறார். பிறகு கையுறை அணிந்த ஆள்காட்டி விரலைக் கன்னத்தின் உட்புறத்திலும் கட்டைவிரலை வெளிப்புறத்திலும் வைத்து, மெல்தசையை இரு விரல்களுக்கிடையே பிடிக்கிறார். நசுக்குவதில்லை, ஏந்திப் பிடிக்கிறார். ரோகியின் வலி பத்தில் நான்கு, ஐந்து என்று சொல்லத்தக்க அளவில் அழுத்தம் நிற்கும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழிந்து, அழுத்தம் மாறாமலிருக்கவே வலி இரண்டாகக் குறைந்தது என்பார் ரோகி. அதன்பின் விரல் கீழ்த்தாடையின் முன்விளிம்பைத் தடவிக்கொண்டே மேலேறி, பொட்டுத் தசையின் நாண் வந்து பற்றும் முன்கொம்பை அடைகிறது. இந்த இடத்தில் பெரும்பாலோர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள், அவ்வளவு கூர்மையான நோவு. கடைசிப் பல்லுக்கு அப்பால் தாடையின் உட்புறத்தில் உட்சிறகுத் தசை. இங்கே குமட்டல் எழுவது சகஜமாதலால், விரல் நிற்பது சில விநாடிகளே. ரோகி கையை உயர்த்தினால் உடனே விரல் வெளிவர வேண்டும் என்பது முன்னதாகவே பேசி முடிவு செய்துகொண்ட உடன்படிக்கை. பேச முடியாத நிலையில் இருப்பவருக்கு இந்த அதிகாரம் ஒரு மருந்துக்குச் சமானம் என்பது என் அபிப்பிராயம்.

வெளிச்சிறகுத் தசையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மேல்தாடையின் கடைசிப் பல்லுக்குப் பின்னே விரலைச் செலுத்தி அதை அழுத்துவதாகப் பலர் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சந்து மிகக் குறுகலானது. விரல் தொடுவது அந்தத் தசையைத்தானா என்று உடற்கூற்று அறிஞர் பலர் ஐயுறுகிறார்கள். அங்கே அழுத்தினால் நோயற்றவர்க்கும் நோகும். ஆகையால் நம் ஆசிரியைக்கு அந்த இடத்தைத் தொடாமல் விடுவதே உத்தமம்.

இறுதியாக, செக் நாட்டு வைத்தியர் காரெல் லெவிட் பிரபலப்படுத்திய முறை. வலியில்லாத எல்லைவரை வாயைத் திறந்து நிறுத்தி, சிகிச்சையாளர் கீழ் முன்பற்களின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "மெதுவாக மூட முயலுங்கள், மிக மெதுவாக" என்கிறார். மூடும் தசைகள் தங்கள் பலத்தில் ஒரு சிறு பங்கைச் செலுத்தி விரலை எதிர்த்து நிற்க, ஏழெட்டு விநாடி கழித்து, "மூச்சை விட்டுத் தளருங்கள்" என்றதும், தாடை தானாகவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்குகிறது. புதிய எல்லையிலிருந்து மறுபடியும் அதே பயிற்சி. மூன்று நான்கு தடவை. அளவுகோலை எடுத்துப் பார்த்தால் 35. மறுநாள் அது 31-க்குத் திரும்பிவிடக்கூடும் என்பதையும் சிகிச்சையாளர் அன்றே சொல்லிவிடுவது நல்லது. ஏறுவதும் சற்றே இறங்குவதுமாகச் சில வாரங்களில் 40-ஐத் தொடுவதே இதன் வழக்கமான போக்கு.

விரல் எதைச் செய்தது?

ஒரு மணி நேரத்துக்குள் தசையின் நீளம் எட்டு மில்லிமீட்டர் வளர்ந்துவிடவில்லை. தொடையின் பக்கவாட்டிலுள்ள கெட்டியான உறைத் திசுவை நூற்றுக்கு ஒரு பங்கு உருமாற்றுவதற்கே மனிதக் கை தரக்கூடிய விசை போதாது என்று 2008-ல் வெளியான ஒரு கணக்கு காட்டிற்று. தாடைத் தசைகளின் உறை அவ்வளவு கெட்டியானதன்று. எனினும், ஒட்டிக்கொண்டதைப் பிரித்தோம், முடிச்சை உடைத்தோம் என்று சொல்லும் சிகிச்சையாளரின் பேச்சைச் சற்றுக் கழித்தே கேட்க வேண்டும் என்பது இதனால் தெரிகிறது. காலின் பின்தசைகளை நீட்டிப் பயிற்சி செய்தவர்களை ஆராய்ந்தபோதும் இதையே கண்டார்கள்: சில வாரப் பயிற்சிக்குப் பின் கூடியிருந்தது தசையின் நெகிழ்ச்சியன்று, இழுப்பைப் பொறுத்துக்கொள்ளும் எல்லை.

1965-ல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இருவர் முன்வைத்த வலிவாயில் கோட்பாடு இங்கே உதவுகிறது. தொடுகையையும் அழுத்தத்தையும் தாங்கி வரும் பருத்த நரம்பிழைகள் சுறுசுறுப்பாகச் செயல்படும்போது, வலியைத் தாங்கிவரும் மெல்லிய இழைகளின் செய்தி, தண்டுவடத்தின் நுழைவிடத்திலேயே பெருமளவு தடைபடுகிறது. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்த்துக்கொள்வது இதனாலேதான். இக்கோட்பாட்டின் நுட்பங்கள் பிற்காலத்தில் திருத்தப்பட்டன. மூலக் கருத்து நிலைத்திருக்கிறது. மாறாத, எதிர்பார்க்கத்தக்க அழுத்தம் ஒரு பக்கம். தம் இசைவின்றி எதுவும் நேராது என்னும் நிச்சயம் மற்றொரு பக்கம். இவ்விரண்டும் சேர்ந்து காவலை நெகிழ்த்துகின்றன. பின்னர் வரும் பயிற்சியில் தசை சுருங்கியும் தளர்ந்தும், திறந்தும் மூடியும், அந்த எல்லையைத் தீங்கின்றிக் கடந்து பார்க்கிறது. 1976-ன் பாவனைப் பரிசோதனை பயன் தந்ததன் ரகசியமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை என்றே நினைக்கிறேன்.

வாய்க்குள் விரலிட்டுத் தாடையைச் சீர்செய்யும் கலை புராதனமானது. ஏறக்குறைய 3600 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எழுதப்பட்ட எட்வின் ஸ்மித் பப்பைரஸ் சுவடி, விலகிய தாடையை வாய்க்குள் கட்டைவிரல்களையும் மோவாயின்கீழ் மற்ற விரல்களையும் வைத்துப் பொருத்தச் சொல்கிறது. சுசுருத சம்ஹிதை அதற்கு முதலில் ஒத்தடம் கொடுக்கும்படி விதிக்கிறது. நம் சித்த வைத்தியம், அழுத்தல், பிடித்தல், இழுத்தல் முதலான கைமுறைகளைத் தொக்கணம் என்னும் பெயரில் புறமருத்துவத்தின் ஓர் அங்கமாக்கியது. சலூன் நாற்காலியில் கழுத்தைத் திருகிச் சொடக்கெடுப்பது இந்தப் பரம்பரையைச் சேர்ந்ததன்று. அதைத் தவிர்ப்பதே விவேகம்.

கை வைக்கலாகாத தாடைகள்

வாய் திறவாமைக்குத் தசை மட்டுமே காரணம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. துருப்பிடித்த ஆணி குத்திய சில நாட்களில் தாடை இறுகத் தொடங்கினால் அது ரணஜன்னியின் வாய்ப்பூட்டாக இருக்கலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. காய்ச்சலும் வீக்கமும் சேர்ந்திருந்தால் கடைவாய்ப்பல்லின் அடியில் சீழ் கட்டியிருக்கலாம். ஐம்பது வயதைக் கடந்தவர்க்கு, மெல்லத் தொடங்கினால் வலியும், நிறுத்தினால் நிவாரணமும், அதனோடு நெற்றிப்பொட்டில் புதிய தலைவலியும் தோன்றினால், பொட்டிலுள்ள தமனியின் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும்; கவனியாவிட்டால் பார்வையே பறிபோகக்கூடும். படியேறும்போது தாடையில் வந்து, நின்றால் தணியும் வலி, இருதயத்திலிருந்து பெயர்ந்த வலியாக இருக்கலாம்.

நம் நாட்டினர்க்கே விசேஷமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்னும் வேறொரு வைத்தியர், கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாய்க்குள், சவ்வு வெளுத்து, நார் நாராகக் கெட்டிப்பட்டிருப்பதைக் கண்டு எழுதினார். பாக்கு மெல்லும் வழக்கத்தால் உண்டாகும் வாய்நார்நோய் அது. பான்மசாலாப் பொட்டலங்கள் பெருகிய பின் இளைஞர்களிடையேயும் பரவிவிட்ட இந்நோயில், கன்னத்தின் உட்புறத்தை விரலால் தடவினாலே விறைத்த நார்ப்பட்டைகள் தட்டுப்படும். காரமான உணவு எரியும். இங்கே திசுவே உருமாறிவிட்டது. விரலின் அழுத்தத்துக்கு அது இணங்காது. வாய் திறக்கும் பயிற்சிகள் மற்றச் சிகிச்சைகளுக்குத் துணையாகலாம். ஆனால் முதற்காரியம் பாக்கை விடுவதும், புற்றாக மாறக்கூடியதாகையால் வைத்தியரின் கண்காணிப்பில் இருப்பதுமே.

ஐந்து வாரமும் ஓர் ஆண்டும்

தசைவலியால் துன்புறுவோருக்கு வாய்க்குள் கைச்சிகிச்சை பயன்படுகிறதா என்று ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 93 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர்க்கு வாரம் இருமுறையாக ஐந்து வாரம் கைச்சிகிச்சை. இன்னொரு பிரிவினர்க்கு அதனோடு விளக்கமும் வீட்டுப் பயிற்சியும். மூன்றாம் பிரிவினர் காத்திருந்தார்கள். சிகிச்சை பெற்ற இரு பிரிவினரும் ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் காத்திருந்தவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள். எண்ணிக்கை பெரிதன்று, காத்திருந்தவர்களுக்குப் பாவனைச் சிகிச்சைகூடக் கிடைக்கவில்லை என்பதால், 1976-ஐ நினைவில் வைத்திருக்கும் வாசகர் இந்த வெற்றியைச் சற்றுக் குறைத்தே மதிப்பார், மதிக்கவும் வேண்டும். ஆயினும் இரு சிகிச்சைப் பிரிவுகளுக்கும் இடையே ஓராண்டின் முடிவில் தோன்றிய வித்தியாசம் கவனத்துக்குரியது. வீட்டில் தாமே செய்துகொள்ளக் கற்றவர்கள் முந்தியிருந்தார்கள்.

நம் ஆசிரியைக்கும் அவ்வாறே ஒரு காரியம் சொல்லி அனுப்புகிறார்கள். 'ன்' என்னும் எழுத்தை ஓசையின்றி உச்சரித்து, நாவின் நுனியை மேற்பற்களின் பின்னாலுள்ள ஈறிலேயே நிறுத்தி, உதடுகளை மூடிக்கொண்டால் பற்கள் விலகியே நிற்கும். திருத்தும் தாள் கட்டின்மேல் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும்; கண்ணில் படும்போதெல்லாம் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பொட்டு பழகிப்போய்க் கண்ணில் படாமலாகும்போது அதை எடுத்து வேறிடத்தில் ஒட்ட வேண்டும்.